பேசுவோர் இல்லாத மொழிக்கு ஒரு பள்ளிக்கூடம்



இதழைப் புரட்டியதுமே கவனித்திருப்பீர்கள். இந்த மாதம் பாதிக்கு மேற்பட்ட பக்கங்களை யூப்ரடீஸ், டைக்ரிஸ் ஆறுகளுக்கு நடுவிலிருந்த பழைய உலகத்துக்கே கொடுத்துவிட்டோம். சுமேரியரைப் பற்றிப் பள்ளிப் பாடப் புத்தகத்தில் நாம் எல்லோரும் ஒரு பத்தி படித்தவர்கள்தான். சக்கரம், ஆப்பெழுத்து, சிகுரத் என்னும் படிக்கட்டுக் கோபுரம், அத்தோடு பாடம் முடிந்துவிடும். அந்த மக்கள் யார், அவர்களுக்குப் பின் என்ன ஆயிற்று, அவர்களை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் யார் என்று கேட்க வகுப்பில் நேரம் இருந்ததில்லை. அந்தக் கேள்விகளை ஒருமுறையாவது நிதானமாகக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசிரியர் குழுவின் நெடுநாள் விருப்பம்.

கட்டுரைகளைத் தொகுக்கும்போது என் மனம் அரசர்களிடமும் போர்களிடமும் தங்கவில்லை. நிப்பூர் என்ற நகரத்தில் இருந்த ஒரு சின்ன வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதைப் பற்றித்தான் உங்களோடு முதலில் பேச வேண்டும்.

நிப்பூர் பாக்தாதுக்குத் தெற்கே இருக்கிறது. சுமேரியரின் தலைமைக் கடவுளான என்லிலின் கோயில் இருந்த ஊர். 1951, 52 ஆண்டுகளில் அங்கே அமெரிக்க அகழாய்வாளர்கள் தோண்டியபோது ஒரு குடியிருப்புத் தெருவில் ஒரு வீடு வெளிப்பட்டது. அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'எஃப் வீடு', அவ்வளவுதான். முற்றமும் சில சிறிய அறைகளும் கொண்ட எளிய வீடு. ஆனால் அதற்குள்ளிருந்து களிமண் பலகைகளும் துண்டுகளுமாகச் சுமார் 1,400 கிடைத்தன. காலம் கி.மு. 18-ஆம் நூற்றாண்டு. ஏறத்தாழ எல்லாமே மாணவர்கள் எழுதியவை. தேவையற்றுப்போன பலகைகளை ஊறவைத்து மறுபடி மண்ணாகக் குழைப்பதற்கு நிலக்கீல் பூசிய தொட்டி ஒன்றும் அங்கே இருந்தது. தரையை மேடாக்கவும் சுவரைச் செப்பனிடவும் பழைய பயிற்சிப் பலகைகளையே போட்டிருக்கிறார்கள். அந்த வாத்தியார் வீட்டில் எழுத்து காலடியிலும் கிடந்திருக்கிறது.

அங்கே பாடம் நடந்த முறையைப் பலகைகளை வைத்தே ஆய்வாளர்கள் படிப்படியாக மீட்டெடுத்திருக்கிறார்கள். முதலில் களிமண்ணைப் பிசைந்து பலகை செய்யப் பழக வேண்டும். பிறகு நாணல் எழுத்தாணியின் முனையை மண்ணில் அழுத்தி நேராக ஒரு கீறல், படுக்கையாக ஒன்று, சாய்வாக ஒன்று. பக்கம் பக்கமாக இதே பயிற்சி. கை படிந்ததும் து, தா, தி என்று அசைகள். அடுத்து ஆட்பெயர்கள். அப்புறம் வருவது நீண்ட சொற்பட்டியல்கள். மரங்களும் மரச்சாமான்களும் ஒரு பட்டியல், நாணல் பொருட்களும் மண்பாண்டமும் தோலும் உலோகமும் ஒன்று, விலங்குகளும் இறைச்சியும் ஒன்று, கல்லும் செடியும் மீனும் பறவையும் துணியும் ஒன்று என்று ஆயிரக்கணக்கான சொற்களை மாணவன் மனப்பாடமாக எழுத வேண்டும். அதோடு அளவைகள், பெருக்கல் வாய்பாடு, மாதிரி ஒப்பந்தங்கள், பழமொழிகள். கடைசியில்தான் இலக்கியம்.

பலகைகளிலேயே பல வடிவங்கள். ஒன்று இட்லியைப் போல் வட்டமாக, உள்ளங்கையில் அடங்கும் அளவில் இருக்கும். மேல்வரியில் ஆசிரியரின் கையெழுத்து அழகாகப் பதிந்திருக்கும். கீழே அதையே மாணவன் எழுதியிருப்பான், சில இடங்களில் கோணல்மாணலாக. இன்னொரு வகை, அகலமான பலகை. இடப்பக்கம் ஆசிரியர் எழுதிய மாதிரி, வலப்பக்கம் மாணவனின் முயற்சி. எழுதியதை வழித்துவிட்டுத் திரும்பத் திரும்ப எழுதியதால் வலப்பக்கத்து மண் மெலிந்து தேய்ந்துபோயிருக்கிறது. நிப்பூர் மாணவர் பலகை ஒன்றில் பல் தடம் பதிந்திருக்கிறது. எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் எரிச்சலடைந்து கடித்ததோ, அல்லது விளையாட்டாகத்தான் கடித்ததோ! கிட்டத்தட்ட 3,700 ஆண்டுகள் கழித்தும் அந்தக் கடி அப்படியே இருக்கிறது.

இதிலே என்னை நெகிழவைத்த விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகள் எழுதிப் பழகியது சுமேரிய மொழியை. ஆனால் அவர்கள் வீட்டில் யாரும் சுமேரியம் பேசவில்லை. அம்மாவும் அப்பாவும் பேசியது அக்காடிய மொழி. அரபு, ஹீப்ரு மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. சுமேரிய அரசுகள் வீழ்ந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. தெருவிலும் சந்தையிலும் அந்த மொழி ஓய்ந்துவிட்டது. ஆட்சிக்கு வந்தவர்கள் வேறு இனத்தார். அவர்கள் நினைத்திருந்தால், 'நமக்கென்ன இந்தப் பழைய மொழி' என்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. தம் பிள்ளைகளை உட்காரவைத்து ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொடுத்தார்கள்.

அவர்கள் கற்றுக்கொடுத்தது எப்படிப்பட்ட உலகத்தை என்பதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

கி.மு. 3300-ஐ ஒட்டி உருக் நகரத்தில் எழுத்து பிறந்தது. அதைப் பெற்றெடுத்தது கோயில் கணக்கு. பார்லி இவ்வளவு, பியர் இவ்வளவு, ஆடு இத்தனை, பெற்றுக்கொண்டவர் இன்னார். மிகப் பழைய பலகைகளில் பெரும்பகுதி இதுதான். மீதமுள்ளவையோ சொற்பட்டியல்கள். எழுத்து தோன்றிய அதே காலத்திலேயே, அதை அடுத்தவருக்குக் கற்பிக்கும் பாடநூலும் தோன்றிவிட்டது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பதவிகளையும் தொழில்களையும் வரிசைப்படுத்தும் ஒரு பட்டியல் உருக்கில் உருவாகி, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கிட்டத்தட்ட மாற்றமில்லாமல் நகலெடுக்கப்பட்டது. அதிலிருந்த பதவிகள் பல வழக்கொழிந்த பிறகும் பிள்ளைகள் அதை எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

உருக், உர், லகாஷ், உம்மா, கிஷ், எரிது என்று ஒவ்வொன்றும் தனி நகர அரசு. வாய்க்காலுக்கும் எல்லைக்கும் ஓயாத சண்டை. லகாஷும் உம்மாவும் ஒரே வயல்வெளிக்காகத் தலைமுறை தலைமுறையாக மோதிக்கொண்டன. கி.மு. 24-ஆம் நூற்றாண்டில் அக்காது நாட்டுச் சார்கோன் இவர்கள் எல்லோரையும் அடக்கி ஒரு குடைக்கீழ் கொண்டுவந்தான். அவன் சுமேரியன் அல்லன். ஆனால் தன் மகளை உர் நகரத்துக்கு அனுப்பி, நன்னா என்னும் நிலாக் கடவுளின் கோயிலில் தலைமைப் பூசாரியாக அமர்த்தினான்.

அவர்தான் என்ஹெடுவன்னா. உலக இலக்கிய வரலாற்றில் பெயர் தெரிந்த முதல் ஆசிரியர். இனன்னா தேவியைப் போற்றும் நீண்ட பாடல்களும், நாடெங்கிலும் இருந்த 42 கோயில்களைப் பாடும் தொகுப்பும் அவர் பெயரில் நிற்கின்றன. ஒரு பாடலில் அவரே தன் கதையைச் சொல்கிறார்: கலகக்காரன் ஒருவன் அவரைக் கோயிலிலிருந்து துரத்திவிடுகிறான், நிலாக் கடவுள் மௌனமாக இருக்கிறார், அவர் இனன்னாவிடம் முறையிடுகிறார். தந்தையின் மொழி அக்காடியம். மகள் பாடியது சுமேரியத்தில். 1927-இல் அகழாய்வாளர் லியோனார்டு வூலியின் குழுவினர் உர் நகரத்தில் ஒரு வெள்ளைக்கல் வட்டைத் துண்டுகளாகக் கண்டெடுத்தார்கள். அடுக்கடுக்கான மடிப்புடையும் வட்டத் தொப்பியும் அணிந்து என்ஹெடுவன்னா நிற்க, முன்னால் ஒருவர் பலிபீடத்தில் நீர் வார்க்கிறார். பின்புறத்தில் அவர் பெயரும் தந்தை பெயரும் பொறித்திருக்கின்றன. இப்போது பிலடெல்பியாவில் உள்ள பென் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பாடல்கள் முழுக்க அவரே எழுதியவைதானா என்று அறிஞர்களிடையே விவாதம் உண்டு. ஏனென்றால் நம்மிடம் உள்ள பிரதிகள் அவர் காலத்துக்கு ஐந்தாறு நூற்றாண்டுகள் பிந்தியவை. அந்தப் பிரதிகளை எழுதிவைத்தவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் நிப்பூர்ப் பிள்ளைகளும் அவர்களைப் போன்ற மாணவர்களும்தான். உலகின் முதல் கவிஞர் நமக்குக் கிடைத்தது பள்ளி நோட்டுப் புத்தகத்திலிருந்து.

அக்காடியப் பேரரசு சரிந்தபின் சுமேரியர் மறுபடி ஒருமுறை எழுந்தார்கள். கி.மு. 2100 வாக்கில் உர்-நம்மு என்ற அரசன் உர் நகரத்தில் அந்தப் பெரிய சிகுரத்தைக் கட்டத் தொடங்கினான். அவன் பெயரால் வழங்கும் சட்டத் தொகுப்பு, இன்று நம்மிடம் உள்ள சட்டத் தொகுப்புகளில் மிகப் பழையது. ஒருவன் இன்னொருவனின் கண்ணைக் கெடுத்தால் அரை மினா, அதாவது ஏறக்குறைய 250 கிராம் வெள்ளி தண்டம் கட்ட வேண்டும். 'கண்ணுக்குக் கண்' என்ற விதியைப் பாபிலோன் அரசன் ஹம்முராபி கல்லில் பொறித்தது மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு. பழையதெல்லாம் கொடியது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உர்-நம்முவின் மகன் ஷுல்கி, தான் எழுத்துப் பள்ளியில் முறையாகப் படித்தவன் என்று பெருமையாகப் பாடவைத்துக்கொண்ட அரசன். உர், நிப்பூர் நகரங்களில் கல்விச்சாலைகளை நிறுவியதாகவும் சொல்லிக்கொள்கிறான்.

கி.மு. 2004-ஐ ஒட்டி எல்லாம் முடிந்தது. கிழக்கேயிருந்து ஏலாமியர் வந்து உர் நகரத்தைச் சூறையாடினார்கள். கடைசி அரசன் இப்பி-சின் கைதியாக இழுத்துச் செல்லப்பட்டான். அந்த அழிவைப் பற்றிய புலம்பல் பாடல்கள் இருக்கின்றன. நிங்கல் தேவி தன் நகரத்துக்காகக் கடவுளர் சபையில் மன்றாடுகிறாள், ஒருவரும் இரங்கவில்லை, வீதியெல்லாம் பிணம் கிடக்கிறது. இந்த இதழில் அவற்றைப் பற்றித் தனிக் கட்டுரை இருப்பதால் இங்கே நீட்டவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இந்தப் புலம்பல்களில் பலவும் உர் அழிந்தபின் வந்த இசின் நகர அரசர்களின் காலத்தில், அந்த அரசர்களின் ஆதரவில் எழுந்தவை. சுமேரியருக்காகச் சுமேரியத்தில் அழுதது அவர்களுக்குப் பின்வந்தவர்களின் அரசு.

இப்படித்தான் அடுத்த 2,000 ஆண்டுகளும் போயின. பாபிலோனியர், காசைட்டுகள், அசிரியர் என்று ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. சுமேரியத்தைப் பேசுகிறவர் ஒருவரும் இல்லை. படிக்கிறவர் ஒவ்வொரு தலைமுறையிலும் இருந்தார்கள். கோயில் வழிபாட்டில் அந்த மொழியின் இரங்கற்பாக்கள் ஒலித்தன. வரிக்கு வரி அக்காடிய மொழிபெயர்ப்புடன் இருமொழிப் பிரதிகள் பெருகின.

கில்காமேஷ் காவியத்தின் கதையும் இதே வழியில் நடந்ததுதான். உருக் அரசன் கில்காமேஷைப் பற்றிச் சுமேரியத்தில் இருந்தவை தனித்தனிப் பாடல்கள், ஐந்து கிடைத்திருக்கின்றன. அக்காடியக் கவிஞர்கள் அந்தச் சரக்கை எடுத்து ஒரே காவியமாக நெய்தார்கள். நண்பன் என்கிடு இறந்ததும் மரண பயம் கொண்ட அரசன் சாகாவரம் தேடி உலகின் விளிம்புக்கே போகும் கதை அது. கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் இறுதியில் சின்-லெகி-உன்னின்னி என்ற பாபிலோனியப் புலவர் அதைச் செப்பம் செய்து, நாம் இன்று படிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார் என்பது மரபு. பதினோரு பலகைகளில் காவியம் முடிந்துவிடுகிறது. பன்னிரண்டாவதாக ஒரு பலகை சேர்ந்திருக்கிறது. அது பழைய சுமேரியப் பாடல் ஒன்றின் நேர் மொழிபெயர்ப்பு. கதைப் போக்கோடு அது ஒட்டவில்லை. முன்னே இறந்துபோன என்கிடு அதில் உயிரோடு வருகிறான். ஆனாலும் சேர்த்து வைத்தார்கள். பத்திரிகைத் தொழிலில் இருக்கும் எனக்கு அந்தச் சேர்க்கையின் மேல் தனிப் பிரியம். ஒட்டாத பகுதியை வெட்டித் தள்ளுவது எளிது. பழைய பாடல் தொலைந்துவிடக் கூடாது என்று நினைத்த ஒருவர் அதை வெட்டவில்லை.

கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் அசிரியப் பேரரசன் அசுர்பனிபால், தன் தலைநகரான நினிவேயில் பெரிய நூலகம் சேர்த்தான். போரில் கொடுமைக்குப் பெயர்போனவன். அரண்மனைச் சுவர்ச் சிற்பங்களே அதற்குச் சாட்சி. அதே மனிதன் கடினமான சுமேரிய நூல்களைத் தன்னால் படிக்க முடியும் என்று கல்வெட்டில் பெருமைப்படுகிறான். ஊர் ஊராக ஆள் அனுப்பிப் பலகைகளைத் தேடி எடுத்துவரச் சொன்னான். கி.மு. 612-இல் பாபிலோனியரும் மீடியரும் நினிவேயைக் கொளுத்தினார்கள். தாளோ தோலோ என்றால் சாம்பலாகியிருக்கும். களிமண் ஆனதால் பல பலகைகள் வெந்து இன்னும் உறுதியாயின.

அடுத்த நூற்றாண்டில் பாபிலோனின் கடைசி அரசன் நபோனிடஸ் செய்தது இன்னும் வியப்பு. கி.மு. 554 செப்டம்பரில் ஒரு சந்திர கிரகணம். உர் நகரத்து நிலாக் கடவுள் தனக்கொரு தலைமைப் பூசாரினி வேண்டும் என்று கேட்கிறார் என அதற்குப் பொருள் சொன்னார்கள். அந்தப் பதவி வெகுகாலமாக வழக்கில் இல்லை. எப்படி உடுத்துவது, என்ன சடங்கு என்று சொல்ல ஆளில்லை. அரசன் பழைய கல்வெட்டுகளைத் தேடச் சொன்னான். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் அதே பதவியில் இருந்த என்-அனெடு என்பவரின் கல்வெட்டு அகப்பட்டது. அதைப் படித்துப் பார்த்து, தன் மகளுக்கு என்-நிகல்டி-நன்னா என்று சுமேரியப் பெயர் சூட்டி உர் கோயிலில் அமர்த்தினான். என்ஹெடுவன்னா இருந்த அதே இடம். இருவருக்கும் நடுவே 1,700 ஆண்டுகள். வூலி பின்னாளில் அந்தப் பூசாரினியின் மாளிகையைத் தோண்டியபோது, ஒரே அறையில் பல்வேறு நூற்றாண்டுகளைச் சேர்ந்த பழம்பொருட்கள் ஒன்றாகக் கிடந்தன. அதை அவர் ஓர் அருங்காட்சியகம் என்றே கருதினார். எல்லோரும் அதை ஒப்புக்கொள்வதில்லை. எனக்கு என்னவோ அந்தப் பெண்ணை அப்படி நினைத்துப் பார்க்கப் பிடித்திருக்கிறது.

பாரசீகர் வந்தார்கள், அலெக்சாந்தருக்குப் பின் கிரேக்கர் ஆண்டார்கள். நாட்டின் பேச்சுமொழி அரமேயமாகிவிட்டது. அப்போதும் பாபிலோனில் மாணவர்கள் சிலர் சுமேரியச் சொற்களை ஒரு பக்கம் ஆப்பெழுத்திலும், மறுபக்கம் அவற்றின் ஒலியைக் கிரேக்க எழுத்திலும் எழுதிப் பழகிய துண்டுகள் கிடைத்திருக்கின்றன. மிகச் சொற்பமானவை. நிப்பூர்ப் பிள்ளைகள் எழுதிய அதே சொற்பட்டியல் வகைகள்தான் அவற்றிலும். கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் சில வானியல் குறிப்புகளோடு ஆப்பெழுத்தின் தடம் நின்றுவிடுகிறது.

பிறகு உலகம் சுமேரியரை அடியோடு மறந்தது. பாபிலோனையும் அசிரியாவையும் பைபிளும் கிரேக்க எழுத்தாளர்களும் நினைவில் வைத்திருந்தார்கள். சுமேரியர் என்றொரு மக்கள் இருந்ததே எவருக்கும் தெரியாது. 19-ஆம் நூற்றாண்டில் ராலின்சன், ஹிங்க்ஸ் முதலிய அறிஞர்கள் அக்காடியத்தை மெல்ல வாசிக்கத் தொடங்கினார்கள். 1857-இல் லண்டனில் ஒரு சோதனை வைத்தார்கள். புதிதாகக் கிடைத்த ஒரே கல்வெட்டை நான்கு பேர் தனித்தனியே மொழிபெயர்த்து, முத்திரையிட்ட உறையில் அனுப்ப வேண்டும். பிரித்துப் பார்த்தால் நான்கும் பெரும்பாலும் ஒத்துப்போயின. எழுத்தின் புதிர் அவிழ்ந்துவிட்டது என்று உறுதியாயிற்று. ஆனால் ஒரு சிக்கல். அந்த எழுத்துமுறை அக்காடிய மொழியின் ஒலிகளுக்குப் பொருந்தாத சட்டையாக இருந்தது. இதை முதலில் வேறு யாரோ தங்கள் மொழிக்காகத்தான் உருவாக்கியிருக்க வேண்டும் என்று ஹிங்க்ஸ் சந்தேகப்பட்டார். 'சுமேர், அக்காது நாடுகளின் அரசன்' என்ற பழைய பட்டத்தை வைத்து அந்த மக்களுக்குச் சுமேரியர் என்று 1869-இல் பெயர் கொடுத்தவர் ஜூல்ஸ் ஒப்பெர். 1877-இல் பிரெஞ்சுக்காரர் எர்னஸ்ட் டி சார்செக், தெல்லோ மேட்டைத் தோண்டி, கூதேயா என்ற சுமேரிய அரசனின் கருங்கற்சிலைகளை வெளியே எடுத்ததும் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது.

இங்கேதான் அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் கை மறுபடி நம் கையைத் தொடுகிறது. அக்காடியத்தை வாசிக்க அரபும் ஹீப்ருவும் துணை நின்றன. சுமேரியத்துக்கு உறவுமொழி என்று உலகில் ஒன்றுமே இல்லை. அப்படியிருக்க அதை எப்படிப் படித்தார்கள்? பின்வந்தவர்கள் தம் பிள்ளைகளுக்காக எழுதிவைத்த இருமொழிச் சொற்பட்டியல்களையும், இலக்கண அட்டவணைகளையும், வரிக்கு வரி மொழிபெயர்ப்புகளையும் வைத்துத்தான். பாபிலோனிய வாத்தியார்களின் பாடக்குறிப்பே இன்றைய அறிஞர்களுக்கும் பாடநூல். அந்தப் பள்ளிக்கூடங்கள் நடந்திராவிட்டால் சுமேரியப் பலகைகள் கையில் இருந்தும் நமக்கு ஊமையாகவே இருந்திருக்கும்.

ஜார்ஜ் ஸ்மித்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. லண்டனில் பணத்தாள் அச்சடிக்கும் தகடுகளைச் செதுக்கும் வேலைக்குப் பதினான்கு வயதிலேயே போய்விட்ட ஏழை வீட்டுப் பையன். மதிய உணவு இடைவேளையில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஓடுவான். பார்த்துப் பார்த்தே ஆப்பெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டு, அங்கேயே வேலையும் பெற்றான். 1872-இல் நினிவே நூலகத் துண்டுகளில் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தபோது, பெருவெள்ளம், மரக்கலம், மலைமேல் ஒதுங்குதல், பறவையைப் பறக்கவிடுதல் என்று வரிசையாக வந்தது. கில்காமேஷ் காவியத்தின் பதினோராம் பலகை அது. அதே ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி பிரதமர் கிளாட்ஸ்டன் உட்கார்ந்திருந்த சபையில் அதை அறிவித்தார். அந்த வெள்ளக் கதையின் சுமேரிய வடிவம் பின்னர் நிப்பூர்ப் பலகையிலேயே கிடைத்தது. ஸ்மித் 1876-இல், மூன்றாவது பயணத்தில், அலெப்போவில் நோய்கண்டு இறந்தார். வயது 36. பட்டம் எதுவும் இல்லாத ஒரு தொழிலாளி, மனிதகுலத்தின் நினைவில் ஓர் ஆயிரம் ஆண்டைக் கூட்டிவிட்டுப் போனார் என்று நினைக்கும்போது மனம் நிறைகிறது.

இனி, நீங்கள் கட்டாயம் கேட்கப்போகும் கேள்விக்கு வருகிறேன். சுமேரியருக்கும் தமிழருக்கும் என்ன உறவு? இப்படிக் கேட்டு வரும் கடிதங்கள் எங்களுக்குப் புதிதல்ல. சுமேரியம் தமிழின் உறவுமொழி என்று நூல் எழுதியவர்கள் நம்மிடையே உண்டு. இரண்டுமே ஒட்டுநிலை மொழிகள்தாம். ஆனால் துருக்கியமும் அப்படித்தான், ஜப்பானியமும் அப்படித்தான். ஒலித்தொடர்பு விதிகளோடு நிறுவப்பட்ட உறவு இதுவரை எந்த மொழியோடும் இல்லை. சுமேரியம் தனித்து நிற்கும் மொழி என்பதே மொழியியலாளர்களின் முடிவு. நமக்கு இனிக்கிறது என்பதற்காக இந்த இதழில் வேறுமாதிரி எழுத எனக்கு மனம் வரவில்லை. தமிழின் பெருமைக்கு இந்த ஊன்றுகோல் தேவையும் இல்லை.

உறுதியாகத் தெரிந்த தொடர்பு வேறொன்று இருக்கிறது. அது கடல்வழி வணிகம். மெலுஹா, மகான், தில்முன் நாட்டுக் கப்பல்களை என் அக்காதுத் துறையில் வந்து நிற்கவைத்தேன் என்று சார்கோன் பெருமைப்படுகிறான். தில்முன் என்பது பஹ்ரைன் பக்கம், மகான் ஓமான் பக்கம், மெலுஹா சிந்துவெளி. உர் அரச கல்லறைகளில் கிடைத்த சிவந்த கார்னீலியன் மணிகளில் பல சிந்துவெளிப் பட்டறைகளில் துளையிடப்பட்டவை. அந்தத் தொழில் நுணுக்கம் அங்கே மட்டுமே இருந்தது. சிந்துவெளி முத்திரைகளும் உர் நகரத்தில் கிடைத்திருக்கின்றன. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் ஓர் உருளை முத்திரை இருக்கிறது. அக்காடியர் காலத்தது. அதில் உரியவரின் பெயர் ஷு-இலிஷு, தொழில் மெலுஹா மொழியின் மொழிபெயர்ப்பாளர். அந்த மனிதருக்குச் சிந்துவெளி மொழி தெரிந்திருக்கிறது! அது பழந்திராவிட மொழி என்று ஐராவதம் மகாதேவனும் அஸ்கோ பர்ப்போலாவும் வாழ்நாள் முழுதும் உழைத்து வாதிட்டார்கள். சிந்து எழுத்து இன்னும் வாசிக்கப்படவில்லை. ஈராக் மண்ணில் எங்காவது ஒரு இருமொழிப் பலகை கிடைத்தால் அந்தப் பூட்டு திறக்கும். கிடைக்க வேண்டும் என்று நானும் ஏங்குகிறேன்.

ஆனால் அந்த மண் படும் பாடும் நமக்குத் தெரிய வேண்டும். 2003 ஏப்ரலில் பாக்தாத் வீழ்ந்தபோது ஈராக் தேசிய அருங்காட்சியகத்தில் மூன்று நாள் கொள்ளை. சுமார் 15,000 பொருட்கள் போயின. உருக் நகரத்தின் ஒரு மீட்டர் உயர வார்க்கா ஜாடி, ஐயாயிரம் ஆண்டுப் பழையது, அதை அடியிலிருந்து பிய்த்து எடுத்துப் போனார்கள். ஜூன் மாதம் துண்டுகளாக ஒரு காரில் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார்கள். உருக்கின் பளிங்குப் பெண்முகம் செப்டம்பரில் ஒரு தோட்டத்து மண்ணுக்குள் புதைத்திருந்த இடத்திலிருந்து மீண்டது. பல்லாயிரம் பொருட்கள் இன்னும் வரவில்லை. தெற்கே காவல் இல்லாத மேடுகளில் திருடர்கள் இரவும் பகலும் தோண்டினார்கள். அமெரிக்காவுக்குக் கடத்தப்பட்டுப் பிடிபட்ட கில்காமேஷ் பலகை ஒன்று 2021-இல்தான் ஈராக்குக்குத் திரும்பியது.

நல்ல செய்தியும் உண்டு. உருக், உர், எரிது நகரங்களையும் தென் ஈராக்கின் சதுப்புநிலங்களையும் 2016-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சதாம் உசேன் 1990-களில் வற்றடித்த சதுப்புகள் அவை. நீர் ஓரளவு திரும்பியதும் மக்களும் எருமைகளும் திரும்பினார்கள். நாணலை வளைத்து அவர்கள் கட்டும் வீட்டைப் போன்ற வடிவங்களை ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய உருக் சிற்பங்களில் காணலாம். லகாஷில் அண்மையில் தோண்டியபோது கி.மு. 2700-ஐச் சேர்ந்த ஓர் உணவுக்கூடம் வெளிப்பட்டது: உட்கார இருக்கைகள், அடுப்பு, பானங்களைக் குளிரவைக்கும் மண்சாடி, மீன் எலும்பு ஒட்டிய கிண்ணங்கள்.

அக்காடிய மொழியின் பேரகராதியைச் சிகாகோ அறிஞர்கள் 1921-இல் தொடங்கி 2011-இல் முடித்தார்கள். தொண்ணூறு ஆண்டுகள், தொடங்கியவர் ஒருவரும் முடிவைப் பார்க்கவில்லை. உலக அருங்காட்சியகங்களில் சுமார் ஐந்து லட்சம் பலகைகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியை இன்னும் ஒருவரும் முழுமையாகப் படித்து வெளியிடவில்லை. இந்தத் துறையில் படித்த தமிழ்நாட்டு, ஈழத்து இளைஞர்கள் மிகமிகக் குறைவு. நம் பல்கலைக்கழகங்களில் அக்காடியமோ சுமேரியமோ கற்க வழி இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். சிந்துவெளியைப் பற்றி இவ்வளவு அக்கறை கொண்ட நாம், அதோடு கொடுக்கல் வாங்கல் செய்தவர்களின் மொழியைப் படிக்க ஒரு சிலரையாவது அனுப்ப வேண்டாமா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்பில் சேர்வது எப்படி, எந்தெந்தப் பலகைத் தொகுப்புகளை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்ற விவரங்களை அடுத்த இதழில் தரவிருக்கிறோம். கல்லூரியில் வரலாறோ மொழியியலோ படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்கள் கையில் அந்தப் பக்கத்தைக் கொடுங்கள். ஏற்கெனவே யாராவது இந்தப் படிப்பில் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். அவர்கள் எழுத்தை வெளியிட இந்த இதழில் இடம் காத்திருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்